பேர் தெரியாத தலைவருக்குப் பொன்னாத்தாள் போட்ட மாலை

பொன்னாத்தாளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று கம்பெனியில் ஒரு பேச்சு. சுத்தப் பொய். சிரிப்பெல்லாம் வண்டி வண்டியாக வரும். வயிற்றோடு நின்றுவிடும், முகத்துக்கு ஏறாது, அவ்வளவுதான். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் அவளுக்கு வேலை. தைத்து வருகிற பனியனை உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எங்காவது நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று. பிசிறு இருந்தால் குட்டிக் கத்தரியால் ஒரு வெட்டு, கத்தரி கையில் இல்லாவிட்டால் நகத்தால் ஒரு கிள்ளு. காலையிலிருந்து சாயங்காலம் வரை டியூப் லைட்டுக்குக் கீழே நின்று அதையே பார்த்துப் பார்த்து முகம் அப்படியே இறுகிப் போய்விட்டது. வீட்டில் சாம்பாரைக்கூட அந்தப் பார்வைதான் பார்ப்பாள். புருஷன் மயில்சாமி, கல்யாணம் ஆன நாளிலிருந்து, இவளுக்கு நம்ம மேல என்ன கோபமோ என்று பயந்துகொண்டேதான் சாப்பிடுகிறான்.

அந்த முகம் எதற்கு உபயோகப்படும் என்று அவளுக்கே ரொம்ப நாள் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தது.

பக்கத்து டேபிள் ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஊருக்குப் போகிற அம்மாவை வழியனுப்ப வந்திருந்தாள். துணைக்குப் பொன்னாத்தாள். பெட்டி தூக்க அயர்ன் மாஸ்டர் பாண்டித்துரை, அவன் விருதுநகர்க்காரன். பஸ் போய்விட்டது. கோயில்வழி பஸ் ஸ்டாண்டில் வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஒரே ஒரு விளக்குக் கம்பத்தின் நிழல் மட்டும் தரையில் நீளமாக, ஓர் ஆள் அகலத்துக்குக் கிடந்தது. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக அந்த நிழலில் நின்றார்கள். வேறு எப்படி நிற்பது?

நின்ற கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே வந்து நின்றது. வரிசை நிழலைத் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டது.

“ஏனுங்க, இது எதுக்கு வரிசைங்க?” என்றார் பின்னால் நின்றவர்.

பொன்னாத்தாள் திரும்பினாள். அந்த முகம்! “முன்னாடி என்னமோ குடுக்கறாங்களாமுங்க.”

“என்ன குடுக்கறாங்க?”

“அது முன்னாடி போனாத்தானுங்க தெரியும்.”

அவருக்குப் பரம திருப்தி. பெண்டாட்டியைக் கூப்பிட்டு, பையை இங்கே வைத்துவிட்டு நீயும் வந்து நில்லு, ஆளுக்கு ஒண்ணுன்னா என்ன பண்றது என்றார். ரோஸ்மேரி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள். மூன்று பேரும் நைசாக நழுவி, எதிர்க் கடையில் போண்டாவோடு உட்கார்ந்து பார்த்தார்கள். வரிசைக்குத் தலையே இல்லை, ஆனாலும் அது வளர்ந்துகொண்டிருந்தது. “எடையில நொழையாதீங்க” என்று ஒருத்தர் அதட்டினார். பெண்களுக்குத் தனி வரிசை போடச் சொல்லி ஓர் அம்மா சண்டைக்குப் போனாள். கடைசியாக வந்தவனிடம், காலையிலேயே டோக்கன் கொடுத்து முடித்துவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாவம், என்ன போய்விட்டதென்று தெரியாமலேயே வருத்தப்பட்டான்.

அன்றைக்கு வீட்டில் படுத்தபோது பொன்னாத்தாளின் வயிறு குலுங்கிக் கட்டிலே ஆடியது. “ஏனு, வயித்து வலியா?” என்றான் மயில்சாமி. “ஆமாங்க” என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான். சந்தையில் ஒருவர் கத்திரிக்காய் பொறுக்க, பாண்டித்துரை பக்கத்தில் நின்று கிரிக்கெட் மேட்சுக்குச் சொல்கிற மாதிரி சொல்வான்: “எடுத்துட்டாப்ல! காம்பப் பாக்குறாப்ல! ஆகா, சொத்தை! திரும்பவும் கூடைக்கே போகுது!” சுற்றி நின்ற கூட்டம் நல்ல காய்க்குக் கை தட்டும். ஒரு நாள் ரோட்டு ஓரத்தில் நால்வரும் வெற்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடி நின்றவர்களில் ஒருத்தர் “அதா, அதா, இப்பத் தெரியுது” என்றார். என்னத்தைப் பார்த்தாரோ, அவருக்கே வெளிச்சம். நாலாவது ஆள் சுக்தேவ், பீகார்ப் பையன், அயர்ன் செக்‌ஷன். தமிழ் பாதி புரியும், குறும்பு முழுசாகப் புரியும்.

ஆனால் கட்டுப்பாடு உண்டு. யாரையும் அழ வைக்கக் கூடாது. யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. போனில் படம் எடுக்கவே கூடாது. கடைசிக் கட்டுப்பாடு பொன்னாத்தாள் போட்டது. மயில்சாமி துணி லோடு ஆட்டோ ஓட்டுகிற மனுஷன், நல்லவன், ஆனால் வாயைத் திறந்தால் “நாலு பேரு என்ன நெனைப்பாங்க” என்பதுதான் முதல் வார்த்தை. அந்த நாலு பேர் யாரென்று பொன்னாத்தாளுக்கு இன்றுவரை தெரியாது. அவர்களுக்குப் பயந்து, மாரியாத்தா கோயிலுக்கு ஒரு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். பொய் ஆகிவிடக் கூடாதே என்று போகிற வழியில் கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடும் போட்டுவிடுவாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் கல்யாணப் பேச்சு வந்தது.

தமிழ்மதி வேறொரு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தாள். அங்கே நிட்டிங் மெஷின் மெக்கானிக் சிவராஜ். இரண்டு பேரும் பிரியப்பட்டு, ஒளிவு மறைவு இல்லாமல் இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். பையனுக்குக் கணியூர். அப்பா இல்லை, தாய்மாமன் வளர்த்த பிள்ளை. பையனின் அம்மாவுக்குச் சம்மதம், மயில்சாமிக்குச் சம்மதம், ஜாதகத்துக்கும் சம்மதம். மாமன் ஆத்தப்பன் ஒருத்தர் தலையாட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். இதற்கு முன் சிவராஜுக்குப் பார்த்த ஒரு சம்பந்தத்தை, பெண் வீட்டு நாய் தன்னைப் பார்த்துக் குரைத்தது என்று வேண்டாம் என்றவர் அவர். இன்னொன்றைக் காபி டம்ளர் நெளிந்திருந்தது என்று கழித்துவிட்டார்.

போதாததற்கு விசாரணை வேறு. இந்தப் பக்கம் இது வழக்கம்தான். முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தர் வருவார். டீக்கடை, மளிகைக்கடை, சலூன் என்று உட்கார்ந்து, இந்தக் குடும்பம் எப்படிங்க என்று நூல் விட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

“அம்மா, அந்த மாமா எப்ப வேணாலும் வந்து விசாரிப்பாராம்” என்றாள் தமிழ்மதி. “கொஞ்ச நாளைக்கு நீ காம்பவுண்டுல யாருகூடயும் சண்ட, ஓரியாட்டம்னு இழுக்காதம்மா. அவரு வேண்டாம்னுட்டா சிவா அதத் தாண்ட மாட்டாரு. எனக்கு நெனச்சாலே பயமா இருக்குது.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பொன்னாத்தாளுக்கு இவள் ஒரே மகள். “அழுவாத கண்ணு. நானு வாயவே தொறக்கறதில்ல” என்று தலையைத் தடவிக் கொடுத்தாள். இனிமேல் கல்யாணம் முடிகிற வரை ஞாயிற்றுக்கிழமை ஆட்டமெல்லாம் கிடையாது என்று மனசுக்குள் சத்தியமும் பண்ணிக்கொண்டாள்.

மறுநாள் ரோஸ்மேரியிடம் சொன்னாள். ரோஸ்மேரி முகம் விழுந்துவிட்டது. “யக்கா, மாலைக்குச் சொல்லியாச்சுல்லா! இந்த ஒரு வாரம் மட்டும் வாங்கக்கா. நீங்க இல்லன்னா நாங்க எல்லாம் சிரிச்சுக் காரியத்தக் கெடுத்துருவோம்.”

மாலையை வீணாக்கலாமா? பொன்னாத்தாளும் யோசித்தாள், சத்தியத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தாள். மனுஷிதானே.

திட்டம் இதுதான். பஸ்ஸிலிருந்து வெள்ளை வேட்டியில் முதலில் இறங்குகிற ஆளுக்குத் தலைவருக்குக் கொடுக்கிற வரவேற்பு. பாண்டித்துரை அடித்து முழக்கச் சாயப்பட்டறையில் வீணான நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கொண்டுவந்தான். ரோஸ்மேரி கோஷம். பொன்னாடைக்குக் கம்பெனியில் கழித்துப் போட்ட ஆரஞ்சுத் துணியை ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து எடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போன ஆர்டர் அது. துணியின் ஒரு பக்கம் முழுக்க டைனோசர், எல்லாவற்றுக்கும் வால் பகுதி பிரிண்ட் ஆகவில்லை. அந்தப் பக்கத்தை உள்ளே வைத்துப் போர்த்திவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

முதல் பஸ்ஸில் இறங்கியவர் மாலையைப் பார்த்ததும் “நானு அவனில்லீங்க!” என்று திரும்பவும் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டார். இரண்டாவது ஆள் டிரம் சத்தத்துக்கே செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ரோஸ்மேரி செருப்பை எடுத்துக்கொண்டு துரத்த, அவர் இன்னும் வேகமாக ஓடினார்.

மூன்றாவதாக, அவிநாசிபாளையம் வழியாகத் தாராபுரம் பஸ் வந்து நின்றது. இறங்கினார் ஒருத்தர். ஒல்லி உடம்பு, மொடமொட வேட்டி, கையில் மஞ்சப்பை, கறுப்புக் கண்ணாடி, தலையில் பிள்ளைகள் போடுகிற கிரிக்கெட் தொப்பி. இறங்கினவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருட்டு முழி முழித்தார்.

“ஏ யக்கா, ஆளப் பாத்தியளா? இவ்வளவு லட்சணமா யாரும் சிக்க மாட்டாவ!” என்றாள் ரோஸ்மேரி.

டிரம் அதிர்ந்தது. “வருக வருக! அண்ணன் வருக! வழி விடு, வழி விடு, அண்ணனுக்கு வழி விடு!” சுக்தேவ் பாய்ந்து முன்னால் வந்து, டெல்லியிலிருந்து இதற்கென்றே வந்தவன் மாதிரி கையை உயர்த்தினான். “பாயியோ அவுர் பெஹ்னோ! ஆஜ் படா சுப் தின் ஹே! யே ஹமாரே நேதா ஹே!” ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதனால் எல்லாருக்கும் பயங்கர மரியாதை வந்துவிட்டது. பூக்கடைக்காரர், யாரோ பெரிய ஆள் என்று ஒரு கை உதிரிப்பூவை அள்ளி வீசினார். வெளியே கிளம்பிய ஒரு பஸ்ஸை டிரைவர் நிறுத்தி இறங்கிக் கும்பிட்டார்.

பொன்னாத்தாள் மாலையோடு முன்னே போனாள். அந்த முகம். சிரிப்பின் சாயல்கூடக் கிடையாது. மாலையைப் போட்டாள். பொன்னாடையைப் போர்த்தினாள். சட்டைக் காலரில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்குமா? கிள்ளி எடுத்தாள்.

அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றினார். “நானு இன்னைக்கு வர்றது உங்களுக்கு எப்படீங்க தெரியும்?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று யார் கண்டது? வாயில் வந்ததைச் சொன்னாள். “எங்களுக்கு எல்லாந் தெரியுங்க.”

அவர் கிரிக்கெட் தொப்பியைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டார். கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். ஓடவில்லை, பயப்படவில்லை. பேச ஆரம்பித்துவிட்டார்!

“பெரியோர்களே, தாய்மார்களே, டிரைவர் கண்டக்டர்களே! நானு பெரிய ஆளெல்லாம் இல்லீங்க. கணியூருங்க எனக்கு. ஆத்தப்பன்னு பேரு. ரெண்டு மாடும் கொஞ்சம் நெல்லும் வெச்சுட்டு என்ற அக்கா பையனை வளத்துனவன். பஸ்ஸுல இருந்து எறங்குறப்ப இது வரைக்கும் ‘சீக்கிரம் எறங்கு, சீக்கிரம் எறங்கு’ன்னுதானுங்க கேட்டிருக்கறேன். ‘வாங்க’ன்னு இன்னைக்குத்தான் கேக்கறேன்!”

கூட்டம் கை தட்டியது. பூக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார்.

பொன்னாத்தாளுக்குக் கணியூர் என்ற சொல் காதில் விழுந்ததுமே, சிவராஜின் ஊராயிற்றே என்று தட்டியது. ஆத்தப்பன் என்றதும் சந்தேகமே இல்லை. அடக் கெரகமே! முகம் மட்டும் அப்படியே நின்றது, அது என்றைக்கு அவள் பேச்சைக் கேட்டது? மெல்லப் பின்னால் நகர்ந்து சுக்தேவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அங்கே ஆத்தப்பனிடம் ஓர் அம்மா, இந்தப் பஸ் ஸ்டாண்டில் குடிக்கத் தண்ணீர் வரவில்லை என்று முறையிட, அவர் “நடவடிக்கை எடுக்கறனுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் அரிசியில் உப்பை இரண்டு முறை போட்டாள். தமிழ்மதி துள்ளிக்கொண்டு வந்தாள்.

“அம்மா! மாமா வந்துட்டுப் போயிட்டாராம்மா! விசாரிக்கவே இல்லையாம். கோயில்வழியில பெரிய வரவேற்புக் குடுத்தாங்களாம். நம்ம ஊட்டுலதான் ஏற்பாடு பண்ணுனாங்க, இப்படி மரியாதை தெரிஞ்ச குடும்பத்த என்னத்த விசாரிக்கறதுன்னு அடுத்த பஸ்ஸுலயே திரும்பீட்டாராம். எந்த லூசுகளோ ஆள் மாத்தி மாலை போட்டிருக்குதுக!”

“லூசுகதான்” என்றாள் பொன்னாத்தாள்.

“வர்ற ஞாயித்துக்கெழம முறையாப் பொண்ணு பாக்க வர்றாங்கம்மா. அவரு பேசறப்ப கூட்டத்துல யாரோ எடுத்துக் குடுத்த போட்டோவ பிரேம் போட்டு ஊட்டு வாசல்ல மாட்டப் போறாராம்.”

அந்த வாரம் முழுக்கப் பொன்னாத்தாளுக்கு ஒரே வெசனம். அவர் தன்னைப் பார்த்துவிட்டால்? மாலை போட்டது பெண்ணோட அம்மா என்று தெரிந்தால் இன்னும் சந்தோஷப்படுவார், சரி. ஆனால் மயில்சாமியும் தமிழ்மதியும் அங்கே உட்கார்ந்திருப்பார்களே! “நாங்க ஒண்ணும் ஏற்பாடு பண்ணலீங்களே” என்று மயில்சாமி வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவான். அப்புறம், பஸ் ஸ்டாண்டில் கூத்தடித்தது இந்தப் பொம்பளைதானா என்று ஆகிவிடும். நாய் குரைத்ததற்கே வேண்டாம் என்றவர், தன்னை வைத்து விளையாடிய வீட்டில் பெண் எடுப்பாரா? மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ரோஸ்மேரி யோசனை சொன்னாள். “சளி பிடிச்சிருக்குன்னு மாஸ்க் போட்டுக்கிடுங்க. அண்ணாச்சி கண்ணாடிய மாட்டிக்கிடுங்க. பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது.”

ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை, மாப்பிள்ளை வீட்டுச் சனமெல்லாம், வந்து இறங்கியது. ஆத்தப்பன் புதுச் சட்டை போட்டு, அதன்மேல் ஆரஞ்சுப் பொன்னாடையையும் போர்த்தியிருந்தார். டைனோசர் பக்கம் வெளியே. வீட்டில் யாரும் சொல்லவில்லையா என்றால், சிவராஜ் அவரைப் பார்க்கவே இல்லை, வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். அவருடைய அக்கா, சிவராஜின் அம்மா, தம்பி பெருமையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

பொன்னாத்தாள் மூக்கும் வாயும் மாஸ்க்குக்குள், கண் இரண்டும் மயில்சாமியின் கண்ணாடிக்குள். கண்ணாடி வழியாக உலகமே கலங்கிய குளம். வாசல் நிலையைச் சம்பந்தி வீட்டார் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டாள். “என்னாச்சு இவளுக்கு” என்று மயில்சாமி முணுமுணுத்தான். தமிழ்மதி பட்டுச் சேலையில் உட்கார்ந்து, விரலைப் பின்னிப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் பொன்னாத்தாளுக்கு, மாரியாத்தா, இந்த ஒரு தரம் காப்பாத்தி விடு, இனி வாசலோடு கும்பிட்டு ஏமாத்தாம உள்ளே வந்து கும்பிடறேன் என்று இருந்தது.

காபித் தட்டோடு வந்தாள். நெளிவில்லாத புது டம்ளர். எல்லாருக்கும் கொடுத்துக் கடைசியாக ஆத்தப்பன் முன்னால் குனிந்தாள். அவர் கையை நீட்டினார். புதுச் சட்டை, கை மடிப்பில் ஒரு பிசிறு. முழுசாக ஒரு விரல் நீளம்.

உலகமே தெரியாத கண்ணுக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்ததே, அதை என்ன சொல்ல! இத்தனை வருஷ வேலை. மனசு வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறது, கை போய்விட்டது. கிள்ளி எடுத்தாள்.

ஆத்தப்பன் தன் சட்டைக் கையைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குள் இருந்த கண்ணைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க, நானு பொண்ணோட அம்மாகிட்டத் தனியா ஒரு வார்த்தை பேசோணுமுங்க.”

தமிழ்மதியின் முகம் வெளுத்துவிட்டது. பொன்னாத்தாள் அவரைப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள்.

“நீங்கதானுங்களா அது?” என்றார். குரலே மாறிவிட்டது. “பொண்ணோட அம்மாவே வந்து மாலை போட்டீங்களா? என்ற அக்கா கல்யாணத்துலகூட எனக்கு உக்கார ஒரு சேர் போடலீங்க, நின்னுட்டேதான் பாத்தேன். ஊருல அத்தன பேருகிட்டயும் சொல்லீட்டனுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. எனக்காகத்தான் அதெல்லாம் பண்ணுனோம்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே உள்ள போயி முடிச்சுடலாம்.”

ஆமாங்க என்றால் போதும். ஒரே ஒரு வார்த்தை. மகள் கல்யாணம் முடிந்துவிடும். பொன்னாத்தாள் வாயைத் திறந்தாள். வரவில்லை. ஓட்டை இருக்கிறதென்று தெரிந்த பீஸை நல்லதென்று பாஸ் பண்ண அவளுக்கு என்றைக்குமே கை வராது. சூப்பர்வைசர் தலைகீழாக நின்றாலும் வராது. அது இங்கேயும் வந்து கழுத்தைப் பிடித்தது. அதோடு, நாளைக்கு இது எப்படியாவது வெளியே வந்தால் அந்த வீட்டில் நின்று பதில் சொல்ல வேண்டியவள் தமிழ்மதி.

மாஸ்க்கைக் கழற்றினாள், கண்ணாடியைக் கழற்றினாள். “இல்லீங்க. உங்களுக்காகப் பண்ணலீங்க. நீங்க யாருன்னே அப்பத் தெரியாதுங்க. சும்மா விளையாட்டுக்கு, நானும் கம்பெனில மூணு பேரும். பஸ்ஸுல இருந்து வெள்ளை வேட்டி கட்டி யாரு மொதல்ல எறங்கியிருந்தாலும் அவங்களுக்குத்தானுங்க அந்த மாலை. ஊட்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாதுங்க, அவரு பாவம், என்ற புள்ள அதவிடப் பாவம். தப்பு என்னுதுதான். எம்மேல இருக்கற கோவத்த அந்தப் புள்ள மேல காட்டீராதீங்க.”

ஆத்தப்பன் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டார். அது ஈரமாக இருந்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

“எல்லாந் தெரியுங்கன்னு சொன்னீங்களே?”

“வாயில வந்ததச் சொன்னனுங்க.”

“அந்த டெல்லிக்காரரு?”

“அயர்ன் செக்‌ஷனுங்க.”

பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் டைனோசரைக் கண்டார் போலிருக்கிறது. “போட்டோவ பிரேம் போட்டுட்டனுங்களே” என்றார் மெல்ல. பொன்னாத்தாளுக்குத் தாங்கவில்லை. யாரையும் அழ வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டு இந்த மனுஷனை இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“உங்களுக்கு முன்னால ரெண்டு பேருக்கு மாலை போடப் போனமுங்க. ஒருத்தரு பஸ்ஸுக்குள்ள ஓடீட்டாரு, ஒருத்தரு செருப்ப விட்டுட்டு ஓடீட்டாரு. நீங்க ஒருத்தருதானுங்க நின்னீங்க. நின்னு பேசுனீங்க. மாலை பொய்யுங்க. பேச்சு பொய்யில்லீங்க.”

அவர் தலையைத் தூக்கினார். “பேச்சு நல்லா இருந்துச்சுங்களா?”

“பூக்கடைக்காரரு அழுதுட்டாருங்க.”

“நெசமாலுமா?”

“இனி உங்ககிட்டப் பொய் சொல்லி என்னங்க ஆவப் போவுது?”

ஆத்தப்பன் எழுந்தார். பொன்னாடையை உதறினார், டைனோசரை உள்பக்கம் வைத்துப் போர்த்தினார், விறுவிறுவென்று உள்ளே போனார். வேட்டியின் பின்பக்கம் பெரிய ஈர வட்டம். பொன்னாத்தாள் பின்னாலேயே போனாள். முடிந்தது என்றுதான் நினைத்தாள். தமிழ்மதி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

ஆத்தப்பன் கூடத்தின் நடுவில் நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே!”

சிவராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

“கோயில்வழியில எனக்கு நடந்த வரவேற்பு யாரு ஏற்பாடுன்னு எல்லாரும் கேட்டீங்க. இப்பச் சொல்றேன். இதா, இந்தம்மாதான்! நானு எந்த பஸ்ஸுல வருவேன்னு ஒரு மாசமா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. தாராபுரத்துல ஓர் ஆளு, அவிநாசிபாளையத்துல ஓர் ஆளு! வேவு!”

மயில்சாமி வாயைப் பிளந்தான். “இவளா?”

“ஊட்டுக்காரருக்கே தெரியாது! அத்தன ரகசியம்! எனக்கு இந்தி கேட்டாப் புடிக்கும்னு யாரோ சொல்லி, டெல்லியில இருந்து ஏரோப்பிளேன்ல ஆளு வரவெச்சிருக்காங்க! இந்தப் பொன்னாடை சாதாரணத் துணிங்களா? வெளிநாட்டுல நெய்ஞ்சது! உள்பக்கம் ஒரு அபூர்வ மிருகம் இருக்குது, பெரிய மனுசங்க ஊட்டுலதான் இருக்குமாமுங்க!”

சொல்லச் சொல்லக் கை மேலே போகிறது, குரல் மேலே போகிறது, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பொன்னாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். பாண்டித்துரைக்கும் ரோஸ்மேரிக்கும் இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தும் வராத முகம் அது. அவளுக்கு வயிற்றில் கிளம்பியது. நெஞ்சுக்கு வந்தது. தொண்டைக்கு வந்தது. வாயைப் பொத்தினாள், மூச்சைப் பிடித்தாள், சுவரைப் பிடித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மயில்சாமி கேட்டிராத சத்தத்தில், பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற மாதிரி, வெடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

ஆத்தப்பன் பேச்சை நிறுத்தினார். கூப்பிய கையை இறக்காமல் திரும்பி, கடுகடுவென்று அவளைப் பார்த்தார்.

“நானு இன்னும் பேசி முடிக்கலீங்க. செத்த சும்மா இருங்க, சம்பந்தியம்மா.”